புளிப்பு கடைசியில்

நேயர்களுக்கு வணக்கம். வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே "ராத்திரிக்கு என்ன செய்வது" என்று மலைக்கிற நாட்களுக்கான பேச்சு இது. பால், தயிர், நெய் எதுவும் வேண்டாம். அரிசி, பருப்பு, பயறு, எண்ணெய், அவ்வளவுதான்.

கொங்குப் பக்கத்து அரிசிம்பருப்பு சாதத்திலிருந்து தொடங்குகிறேன். ஒரே குக்கரில் முடிகிற சாப்பாடு. கழுவவும் ஒரே பாத்திரம். 1 டம்ளர் அரிசி, கால் டம்ளர் துவரம்பருப்பு. இரண்டையும் சேர்த்துக் கழுவி ஊறப்போட்டுவிட்டு, கை கால் கழுவி உடை மாற்றி வாருங்கள். 20 நிமிடம் ஊறினால் போதும்.

குக்கரில் 2 மேசைக்கரண்டி கடலை எண்ணெய். கடுகு, சீரகம், கிள்ளிய வரமிளகாய் 3, கறிவேப்பிலை, தட்டிய பூண்டு 5 பல், வெங்காயம். சின்ன வெங்காயத்துக்குத்தான் ருசி, மறுக்கவில்லை. ஆனால் களைத்துப்போன நேரத்தில் அதை உட்கார்ந்து உரிப்பது தண்டனை. பெரிய வெங்காயம் ஒன்றை நறுக்கிப் போடுங்கள், குற்றமில்லை. வதங்கியதும் மஞ்சள்தூள், ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு, மூன்றரை டம்ளர் தண்ணீர். தண்ணீர் கொதித்த பிறகுதான் அரிசியும் பருப்பும் இறங்க வேண்டும். முன்னாலேயே போட்டால், கொதி வருவதற்குள் அடியில் படிந்து பிடித்துக்கொள்ளும்.

மூடி, முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து 6 நிமிடம். விசிலை எண்ணாதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். பெரிய தீயில் மூன்று விசில் மளமளவென்று வந்துவிடும், சின்னத் தீயில் இழுத்துக்கொண்டே போகும். அணைத்த பிறகு வெயிட்டைத் தூக்காமல் விடுங்கள். அடங்குகிற ஆவியிலும் பருப்பு வெந்துகொண்டுதான் இருக்கும்.

தக்காளி எங்கே என்று கேட்பீர்கள். இங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும். ஊறிய பருப்போடு ஒரே ஒரு தக்காளி போட்டால் குக்கர் சமாளித்துவிடும். ஆனால் ஆழ்குழாய்த் தண்ணீர், கடையில் நெடுநாள் கிடந்த பருப்பு, அதோடு புளிப்பு, இந்த மூன்றும் சேர்ந்தால் எத்தனை விசில் விட்டாலும் பருப்பு முத்து முத்தாகத்தான் நிற்கும். பருப்பின் செல்களை ஒட்டிவைத்திருப்பது பெக்டின் என்ற பசை. அது கரைந்தால்தான் பருப்பு குழையும். புளிப்பு அதைக் கரையவிடாது. உப்புத்தண்ணீர் என்று நாம் சொல்லும் கடினநீரில் உள்ள கால்சியம் அதை இன்னும் இறுக்கும். ஆகவே தக்காளியோ புளியோ பருப்பு வெந்த பிறகு. சாம்பாருக்கும் அதுதான், கொண்டைக்கடலைக் குழம்புக்கும் அதுதான். அவசரமென்றால் தட்டில் எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள்.

உப்பு போட்டால் பருப்பு வேகாது என்கிறார்களே? சமையல் உப்பின் மேல் அந்தப் பழி வேண்டாம். கொண்டைக்கடலை ஊறுகிற தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்பு போட்டால் தோல் இன்னும் மெத்தென்று வேகும். தடுப்பது புளிப்பு, மறுபடியும் சொல்கிறேன், புளிப்பு. சமையல் சோடா நேர் எதிர். ஒரு டம்ளர் கடலைக்கு ஒரு சிட்டிகை. கூடினால் சோப்பு வாடை வரும், கடலையும் கூழாகும்.

கடலையை இரவே ஊறவைக்க மறந்தால், கொதிக்கிற தண்ணீரை ஊற்றி மூடி ஒரு மணி நேரம் வையுங்கள். பிறகு அந்தத் தண்ணீரை வடித்து, புதுத் தண்ணீரில் முதல் விசிலுக்குப் பின் 25 நிமிடம். பருப்போ பயறோ, குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். நுரை பொங்கி ஆவித் துளையை அடைக்கும். ஒரு சொட்டு எண்ணெய் நுரையை அடக்கும். ராஜ்மா மட்டும் அரைவேக்காட்டில் வேண்டவே வேண்டாம். அதிலுள்ள நச்சு, நன்றாகக் கொதித்து வெந்தால்தான் போகும், இல்லையேல் வாந்தி. ஞாயிற்றுக்கிழமை இரண்டு டம்ளர் கடலை வேகவைத்து, ஒரு வேளைக்கு ஒரு டப்பா என்று ஃப்ரீசரில் வைத்தால், வாரத்தில் மூன்று நாள் தாளித்தால் போதும்.

தேங்காய்ப்பால் சொதி பற்றியும் சொல்ல நினைத்தேன். நேரம் முடிந்ததென்று ஒலிப்பதிவு அறையின் கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டிவிட்டார்கள். அவல் மட்டும் ஒரு வரியில்: கெட்டி அவலை வடிகட்டியில் அலசி, தண்ணீர் வடித்து 5 நிமிடம் மூடி வையுங்கள். மெல்லிய அவலுக்குத் தண்ணீர் தெளித்தால் போதும், ஊறவிட்டால் களியாகிவிடும். தாளிப்பில் புரட்டி அடுப்பை அணைத்த பிறகு எலுமிச்சை. வணக்கம்.