டிராகன் செத்த பிறகும் பாதிக் கதை பாக்கி: ஏரினைப் பற்றி வாசகர்கள் ஏன் இப்படி மோதிக்கொள்கிறார்கள்?

வணக்கம்.

ஊரையே எரிக்கும் ஒரு மாபெரும் டிராகன். அதைத் தனியாகப் போய்க் கொல்லும் ஒரு அரசன் மகள். இப்படி ஒரு நாவல் என்றால் அந்தச் சண்டை கடைசியில்தான் வரும் என்று எதிர்பார்ப்போம். இன்று நாம் பேசப்போகும் நாவலில் அது ஏறக்குறையப் பாதியிலேயே முடிந்துவிடுகிறது. டிராகன் செத்துவிட்டது, ஆனால் புத்தகத்தில் இன்னும் எத்தனையோ பக்கங்கள் மிச்சம். அந்த மிச்சத்தைப் பற்றித்தான் வாசகர்களுக்குள் இத்தனை வருடமாக விவாதம்.

(திரையில்: 1984 – தி ஹீரோ அண்ட் த கிரவுன் – ராபின் மெக்கின்லி)

எழுதியவர் அமெரிக்க எழுத்தாளர் ராபின் மெக்கின்லி. 1984இல் வந்த இந்த நாவலுக்கு அடுத்த ஆண்டே நியூபெரி பதக்கம் கிடைத்தது. அமெரிக்காவில் சிறுவர் இலக்கியத்துக்கு 1922 முதல் தரப்படும் பரிசு அது. நாவலின் களம் டாமர் என்ற கற்பனை நாடு. அதே நாட்டை வைத்து 1982இல் மெக்கின்லி ‘தி புளூ ஸ்வார்ட்’ என்ற நாவலை எழுதியிருந்தார். இது அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னால் நடக்கிற கதை.

ஒரு எச்சரிக்கை: கதையின் முடிவு வரைக்கும் பேசப்போகிறேன். முடிவைத் தொடாமல் இந்த விவாதத்தைப் பேசவே முடியாது.

சரி, கதைக்கு வருவோம். டாமரின் அரசர் ஆர்ல்பெத். அவருக்கு ஒரே மகள் ஏரின். அவள் அம்மா வடக்கிலிருந்து வந்த பெண். அரசரை மயக்கித் திருமணம் செய்துகொண்ட சூனியக்காரி என்றும், நாட்டை ஆள ஒரு மகன் வேண்டும் என்று காத்திருந்து மகள் பிறந்ததும் மனம் நொந்து செத்துப்போனாள் என்றும் ஊரே பேசுகிறது. டாமர் மக்கள் கருமுடியும் பழுப்பு நிறமும் கொண்டவர்கள். இவளோ வெளுத்த தோல், நெருப்பு நிறத் தலைமுடி. அரச ரத்தத்தில் பிறந்தவர்களுக்கு வரவேண்டிய மந்திர ஆற்றலும் இவளுக்கு வரவில்லை. ராஜாவின் மகள்தான், ஆனாலும் அரண்மனையில் யாருக்கும் அவளை என்ன செய்வதென்று தெரியவில்லை.

அவளுடைய உறவுக்காரி கலான்னா, ஊரே மெச்சும் அழகி. சுர்கா என்று ஒரு செடி உண்டு, அரச ரத்தம் இல்லாதவர்கள் அதைத் தொட்டாலே ஆபத்து. ‘நீ நிஜமாகவே ராஜா மகள் என்றால் அதைத் தின்று காட்டு’ என்று கலான்னா சீண்டுகிறாள். ஏரின் தின்றுவிடுகிறாள், அதுவும் கொஞ்சமாக இல்லை. உயிர் பிழைக்கிறாள், ஆனால் நீண்ட காலம் படுக்கை, தலைசுற்றல், தள்ளாட்டம்.

இந்த நோய்க் காலத்தில்தான் கதை உண்மையிலேயே ஆரம்பிக்கிறது. அரண்மனையில் யார் கண்ணிலும் படாமல் இருக்க, ஒரு பழைய புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு மேய்ச்சல் நிலத்துக்குப் போகிறாள். அங்கே தலாத் இருக்கிறது. அரசரின் போர்க்குதிரை, சண்டையில் கால் ஊனமாகி ஒதுக்கப்பட்டது. யாரையும் கிட்டே சேர்க்காமல் முறைத்துக்கொண்டு நிற்கிறது. இரண்டு பேருக்கும் ஒரே நிலைமை. மெல்ல மெல்ல அது அவளிடம் வருகிறது. கடைசியில் கடிவாளமும் அங்கவடியும் இல்லாமல், உடல் அசைவை மட்டும் வைத்தே அவள் அதை ஓட்டக் கற்றுக்கொள்கிறாள்.

தலாத்தைப் பிடிக்காத வாசகர் யாரையும் நான் பார்த்ததில்லை. நாவலை அடியோடு வெறுப்பவர்கள்கூட ‘குதிரை மட்டும் நன்றாக இருந்தது’ என்பார்கள். மெக்கின்லிக்குக் குதிரைகளைத் தெரியும் என்பது ஒவ்வொரு பக்கத்திலும் தெரிகிறது. அடிபட்ட காலைக் காப்பாற்ற அது எடையை எப்படி மாற்றி வைக்கிறது, தன்னை யாராவது கவனிக்கிறார்களா என்று பார்த்துவிட்டு எப்படி மிடுக்காக நடக்கிறது, இதெல்லாம் அவ்வளவு துல்லியம்.

அடுத்து, அந்தப் பழைய புத்தகம். அதில் கெனெட் என்ற ஒரு களிம்பைப் பற்றிய குறிப்பை ஏரின் பார்க்கிறாள். உடம்பில் பூசிக்கொண்டால் டிராகனின் நெருப்புச் சுடாது. ஆனால் அந்தக் குறிப்பு, நம் வீட்டுப் பாட்டிகள் சொல்லும் சமையல் குறிப்பைப் போல, என்னென்ன போடவேண்டும் என்று சொல்கிறதே தவிர எவ்வளவு என்று சொல்வதில்லை. அதனால் அவள் ஒரு ஒதுக்குப்புறத்தில் உட்கார்ந்து கலக்குகிறாள். பூசுகிறாள், நெருப்பில் காட்டுகிறாள், எரிந்துவிடுகிறது. அளவை மாற்றி மறுபடியும் கலக்குகிறாள். இப்படியே காலம் ஓடுகிறது. ஒருநாள், களிம்பு பூசிய குச்சி தீயில் எரியாமல் அப்படியே இருக்கிறது. அப்புறம் துணிந்து தன் உடம்பையே நெருப்புக்குள் நீட்டிப் பார்க்கிறாள்.

(திரையில்: சிறு தீ, களிம்பு பூசிய குச்சி)

இந்தப் பகுதியைத்தான் ஒரு சாரார் ‘இழுவை’ என்கிறார்கள். என்னால் இதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஒரு கதாநாயகி இத்தனை பக்கங்களுக்கு ஒரே வேலையில் தோற்றுத் தோற்றுக் கற்றுக்கொள்வதை எந்தக் கற்பனைக் கதை இவ்வளவு பொறுமையாகக் காட்டுகிறது? பிறப்பால் வரவேண்டிய மந்திரம் அவளுக்கு வரவில்லை. அந்த இடத்தை அவள் உழைப்பால் நிரப்புகிறாள். ஐரோப்பியப் பழங்கதைகளில் அரசன் மகள் டிராகனுக்குத் தரப்படும் இரை. புனித ஜார்ஜ் கதையில் சீட்டுக் குலுக்கியபோது ராஜா மகளின் முறை வருகிறது, அவளை ஊருக்கு வெளியே அனுப்பிவிட்டு எல்லோரும் அழுகிறார்கள், வீரன் ஒருவன் வந்து காப்பாற்றுகிறான். அந்தப் பெண் இங்கே சட்டியில் களிம்பு கிண்டிக்கொண்டிருக்கிறாள். இதற்காகவே அந்தப் பக்கங்கள் எனக்கு உயிர்.

இன்னொரு விஷயமும் உண்டு. ஏரின் காலத்து டிராகன்கள் பெரும்பாலும் நாய் அளவுதான். கிராமங்களில் ஆடுமாடுகளைத் தூக்கும், குழந்தைகளுக்கும் ஆபத்து. அவற்றைக் கொல்வது யாரும் விரும்பாத அழுக்கு வேலை, பெருமை எதுவும் கிடையாது. அதனால்தான் அந்த வேலையை அவளால் எடுத்துக்கொள்ள முடிகிறது.

இனி நடுப்பகுதிக்கு வருவோம். விவாதத்தின் மையமே இதுதான்.

எல்லையில் ஒரு பிரபு கலகம் செய்ய, அரசர் படையோடு கிளம்புகிறார். மகளைக் கூட்டிப்போக மாட்டேன் என்றுவிடுகிறார். அந்த நேரத்தில், கரிய டிராகன் மார் விழித்துவிட்டது என்று சேதி வருகிறது. பெரிய டிராகன்களில் கடைசியாக மிஞ்சியது அது. அரசரால் திரும்ப முடியாது. ஏரின் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் தலாத்தோடு போகிறாள். கொல்கிறாள். ஆனால் மாரின் நெருப்புக்குக் கெனெட் போதவில்லை. இடது கை வெந்துபோகிறது, கணுக்கால் உடைகிறது, தலைமுடி கருகுகிறது. எழுந்திருக்கக்கூட முடியாமல் கிடந்து, பிறகு எப்படியோ குதிரை மேல் ஏறி வீடு திரும்புகிறாள்.

மற்ற கதைகளில் இந்த இடத்தில் மேளம் கொட்டி முடித்திருப்பார்கள். இங்கே மாரின் மண்டையோட்டை வெற்றிச் சின்னமாகக் கொண்டுவந்து அரண்மனைக் கூடத்தில் வைக்கிறார்கள். ஏரினுக்கு அந்த மண்டையோடு தன்னிடம் பேசுவதுபோல இருக்கிறது. நீ ஜெயிக்கவில்லை என்கிறது. அவளுக்கு இருமல் நிற்பதில்லை, உடம்பு தேறுவதில்லை, எதிலும் மனம் ஒட்டுவதில்லை. ஊர் முழுக்க ஒரு சோர்வு பரவுகிறது, காரணம் யாருக்கும் தெரியவில்லை.

‘டிராகனைக் கொன்றவள் எதற்காக இப்படி மூலையில் முடங்கிக் கிடக்கிறாள், கதை நின்றுவிட்டதே’ என்பது ஒரு தரப்பு வாசகர்களின் குறை. இன்னொரு தரப்பு, குறிப்பாகச் சின்ன வயதில் படித்துவிட்டுப் பெரியவர்களான பிறகு திரும்பப் படித்தவர்கள், இந்தப் பகுதிக்காகவே புத்தகத்தைக் கொண்டாடுகிறார்கள். நீண்ட நோயிலிருந்து எழுந்தவர்களும் மன அழுத்தத்தை அனுபவித்தவர்களும் இதில் தங்களைப் பார்க்கிறார்கள்.

நான் இந்த இரண்டாம் தரப்பு. உயிரைப் பணயம் வைத்து ஒரு காரியத்தை முடித்தவருக்கு, முடித்த மறுநாளே எல்லாம் சரியாகிவிடும் என்று கதைகள் நமக்குச் சொல்லிச் சொல்லிப் பழக்கிவிட்டன. மெக்கின்லி அந்தப் பொய்யைச் சொல்ல மறுக்கிறார். அதிலும் அந்தத் தலையைக் கொண்டுவந்து வைத்தவர்கள் அவளைக் கௌரவிக்கத்தான் வைத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். அவளைச் சாகடித்துக்கொண்டிருக்கும் பொருளைத்தான் ஊர் அவள் புகழின் அடையாளமாகப் பார்க்கிறது. இளையோருக்கான ஒரு கற்பனைக் கதையில், 1984இல், இப்படி எழுத நெஞ்சழுத்தம் வேண்டும்.

அதற்குப் பிறகு வரும் பகுதியில் நான் குறை சொல்பவர்கள் பக்கம். ஏரின் கனவில் கண்ட ஒரு மனிதனைத் தேடிப் போகிறாள். அவன் பெயர் லூத். ஒரு ஏரியின் நீரைக் கொடுத்து அவளைக் குணமாக்குகிறான், மந்திரம் கற்றுத் தருகிறான், கோன்டூரன் என்ற நீல வாளைத் தருகிறான். அவளுடைய தாய்மாமன் ஆக்ஸ்டெட்தான் டாமரின் தொலைந்துபோன மகுடத்தை வைத்திருக்கும் எதிரி என்பதும் அங்கேதான் தெரிகிறது. அவள் முடிவில்லாத படிகள் கொண்ட கோபுரத்தில் ஏறி அவனோடு மோதுகிறாள். கனவுபோல நடக்கிறது, சட்டென்று முடிகிறது. ஒரு களிம்புக்கு அத்தனை பக்கங்கள் கொடுத்தவர், முக்கிய வில்லனுக்கு இவ்வளவு அவசரப்படுவது ஏன் என்ற கேள்வி நியாயமானது. அவள் எப்படி ஜெயித்தாள் என்பதே பலருக்குப் புரிவதில்லை. மாரை எதிர்த்து நின்றபோது அவள் தோலில் பட்ட சூடு நமக்கும் தெரிந்தது, ஆக்ஸ்டெட் விஷயத்தில் அது இல்லை.

(திரையில்: இரண்டு காதல், ஒரு மகுடம்)

முடிவு. இங்கேதான் குரல்கள் உயர்கின்றன. ஏரினுக்கு வாள் பயிற்சி கொடுத்தவன் டோர், அவளுடைய உறவினன், அடுத்த அரசன். சின்ன வயதிலிருந்தே அவள்மேல் அன்பு. லூத்தோ சாகாதவன். அவன் கொடுத்த நீரைக் குடித்ததில் ஏரினும் முழுக்க மனிதப் பிறவியாக இல்லாமல் போகிறாள். அவள் லூத்தையும் நேசிக்கிறாள், டோரையும் நேசிக்கிறாள். ஊர் திரும்பி, போருக்கு நடுவே மகுடத்தை டோரிடம் சேர்த்து, அவனை மணந்து ராணியாகிறாள். மனிதர்களுக்கு உரிய ஆயுள் டோருக்கு. அதன் பிறகு வரும் காலம் லூத்துக்கு.

‘இது டோருக்குச் செய்யும் துரோகம்’ என்று கொதிப்பவர்கள் உண்டு. ‘லூத்தை விட்டுவிட்டு ஏன் வந்தாள்’ என்று கேட்பவர்களும் உண்டு. எனக்கு இதில் துரோகம் எதுவும் தெரியவில்லை. டோரோடு இருக்கும் காலத்தில் அவள் அரை மனதோடு இருந்ததாக நாவல் எங்கேயும் சொல்லவில்லை.

இதைவிடக் கனமான குறை ஒன்று இருக்கிறது. இத்தனையும் செய்தவள் அவள். மகுடத்தை மீட்டது அவள். ஆள்வது மட்டும் டோரா? இந்தக் கோபம் எனக்குப் புரிகிறது, பாதிக்கு மேல் ஒத்துக்கொள்ளவும் செய்கிறேன். ஏரினுக்கு ஆட்சியில் ஆசை இருந்ததில்லை என்பது உண்மைதான். ஆனால் ‘சூனியக்காரியின் மகள்’ என்று ஒதுக்கிய அதே ஊர் அவளை ஆளத் தகுந்தவளாக ஏற்றிருக்குமா என்ற கேள்வியை நாவல் எழுப்பிவிட்டு, திருமணத்தால் அதை மூடிவிடுகிறது. அந்தக் கேள்விக்கு இன்னும் சில பக்கங்கள் கொடுத்திருக்கலாம்.

நிறத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். பழுப்பு நிற மக்களைக் காப்பாற்ற வெளுத்த தோல் கொண்ட ஒருத்தி வருகிறாள் என்பது சிலருக்கு உறுத்துகிறது. இந்த நாவலில் அந்த வெளுப்பு அவளுக்கு ஒரு களங்கம், அழகி என்ற பெயர் கலான்னாவுக்குத்தான். அதனால் குற்றச்சாட்டு இங்கே முழுசாகப் பொருந்தவில்லை. வடக்கில் இருப்பவர்கள் எல்லோரும் மனிதர்களே அல்ல, தீய சக்திகள் என்று ஒரே வீச்சில் சொல்லிவிடுவதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. நிறம் பற்றிய விமர்சனம் ‘தி புளூ ஸ்வார்ட்’டில் இன்னும் ஆழமாகக் குத்துகிறது. அதில் டாமரின் பெரும்பகுதியை வெளிநாட்டுக்காரர்கள் பிடித்து ஆள்கிறார்கள், அவர்கள் பக்கத்திலிருந்து வரும் ஒரு பெண்தான் நாயகி. வெள்ளைக்காரன் ஆட்சியைப் பார்த்த மண்ணிலிருந்து படிக்கும் நமக்கு அந்த ராணுவ முகாம் காட்சிகள் சும்மா கடந்துபோகாது.

கடைசியாக, எதை முதலில் படிப்பது? வெளியான வரிசைப்படி ‘தி புளூ ஸ்வார்ட்’டில் தொடங்குங்கள் என்று நிறையப் பேர் சொல்வார்கள். நான் ஏரினிடமிருந்து தொடங்கச் சொல்வேன். ‘தி புளூ ஸ்வார்ட்’டில் ஏரின் ஒரு புராணப் பெயர். அவளுடைய வாளைப் புது நாயகி ஏந்துகிறாள், தரிசனங்களில் அவளைக் காண்கிறாள். லூத்தும் அதில் உயிரோடு வருகிறான். மாரின் மண்டையோட்டுக்குக் கீழே இருமிக்கொண்டு கிடந்த பெண்ணை முதலில் சந்தித்துவிட்டால், பின்னால் ஊரே அவளைத் தெய்வம்போலப் பேசும்போது நமக்கு மட்டும் அவளை நன்றாகத் தெரிந்திருக்கும். ‘தி ஹீரோ அண்ட் த கிரவுன்’ நாவலின் ஆரம்பம் காலத்தில் முன்னும் பின்னுமாகத் தாவும், அதைப் பார்த்துப் புத்தகத்தை மூடிவிடாதீர்கள். தலாத் வரும் இடம் வரைக்குமாவது படியுங்கள். படித்துவிட்டு, டோரா லூத்தா என்பதை விட, மகுடத்தை அவள் கொடுத்தது சரியா என்று எனக்கு எழுதுங்கள். அதைப் பற்றி நிறையப் பேரோடு பேச ஆசை.