வெலம்: கன்றுத் தோல் எழுதுதாளாகும் விதம்

[காட்சி: வெளிச்சத்துக்கு எதிரே பிடித்த ஒரு தாள், ரத்தக்குழாய் ஓடிய தடம் தெரிகிறது]

இது வெலம். கன்றுக்குட்டித் தோலில் செய்த எழுதுதாள். வெள்ளாட்டுத் தோலிலும் செம்மறித் தோலிலும் செய்ததைப் பொதுவாகப் பார்ச்மென்ட் என்பார்கள். ஸ்டேஷனரி கடையில் வெலம் என்ற பெயரில் கிடைக்கும் ஒளி கசியும் தாள் வெறும் காகிதம்தான்.

செருப்புத் தோலைப் பதனிடுவார்கள், வெலத்தைப் பதனிடுவதில்லை. இழுத்துக் கட்டிக் காயவைப்பார்கள். எழுத வாகாக இருப்பதும், பின்னால் தொல்லை தருவதும் இதனால்தான்.

[காட்சி: சுண்ணாம்புத் தொட்டி]

முதலில் சுண்ணாம்பு நீர். இடைக்கால ஐரோப்பியச் செய்முறை ஒன்று, எட்டு நாள் ஊறட்டும், குளிர்காலத்தில் அதைப்போல இரண்டு மடங்கு, தினம் இரண்டு மூன்று தடவை கழியால் கிளறு என்கிறது. ஊறியது போதாவிட்டால் முடி கழன்று வராது, கொழுப்பும் தங்கிவிடும். கூடிப்போனால் தோலே வலுவிழக்கும்.

[காட்சி: மரச்சட்டம், நெருக்கத்தில் தோலின் விளிம்பு]

இந்த விளிம்பைப் பாருங்கள். தோலில் ஓட்டை போட்டுக் கயிறு கோத்தால் கிழிந்துவிடும். அதனால் சின்னக் கூழாங்கல்லைத் தோலுக்குள் பொதிந்து, அதன் கழுத்தில் கயிற்றைச் சுருக்கிட்டு, மறுமுனையைச் சட்டத்து முளையில் கட்டுகிறார்கள். காயக் காய முளையைத் திருகி முறுக்கேற்ற வேண்டும். பறைபோல விறைத்து நிற்கும். இழுவிசையில் தோலின் நார்கள் மேற்பரப்புக்கு இணையாகப் படுத்து, அப்படியே காய்ந்துவிடுகின்றன.

சுரண்டும் கத்தி பிறை வடிவம். நேர்க் கத்தி என்றால் அதன் முனை விறைத்த தோலைக் குத்திவிடும். உரிக்கும்போது பட்ட சிறு வெட்டுகூட இந்த இழுப்பில் முட்டை வடிவ ஓட்டையாக விரியும். பழைய சுவடிகளில் அந்த ஓட்டையைச் சுற்றியே வரிகள் போவதைப் பார்க்கலாம்.

[காட்சி: மேசையில் தாளின் இரு பக்கங்கள்]

முடி இருந்த பக்கம் சற்று மஞ்சள். மயிர்க்கால் புள்ளிகள் தெரியும். சதைப் பக்கம் வெளுப்பு. எழுதும் முன் நுரைக்கல்லால் லேசாகத் தேய்த்து, சுண்ணப் பொடி தூவி, நன்றாகத் தட்டிவிட வேண்டும். எண்ணெய்ப் பசை இருந்தால் மை துளித்துளியாக ஒதுங்கும். அதிகம் தேய்த்தாலோ கசியும். கைக்கடியில் ஒரு காகிதம் கட்டாயம்.

மைக்கு மாசிக்காய் மூன்று பங்கு, அன்னபேதி (இரும்பு சல்பேட்) இரண்டு, வேலம் பிசின் ஒன்று என்பது நல்ல அளவு. எழுதும்போது வெளிறித்தான் இருக்கும், காற்றுப்பட்டுக் கறுக்கும். பிழையைக் கத்தியால் சுரண்டி, அந்த இடத்தை மழமழப்பாக்கி மறுபடி எழுதலாம். இந்த வசதி காகிதத்துக்கு ஏது!

[காட்சி: மரப் பலகை அட்டை, உலோகக் கொக்கி]

பெரிய எதிரி ஈரப்பதம். ஈரம் ஏறினால் தாள் தளர்ந்து நெளியும், மேலே படிந்திருக்கும் மை உதிரும். பழைய புத்தகங்களுக்குக் கொக்கி போட்டது அழகுக்காக மட்டுமல்ல, தாள்களை அழுத்திப் பிடிக்கவும்தான்.

இவ்வளவு வேலை வாங்குவதால் இன்று பயன்பாடு சுருங்கிவிட்டது. பிரிட்டன் நாடாளுமன்றம்கூட 2017இல் சட்டங்களின் உள்தாளைக் காகிதமாக்கி, அட்டையை மட்டும் வெலமாக வைத்துக்கொண்டது.

உங்களிடம் வெலத் தாள் இருந்தால் ஈரத்துணியால் துடைக்காதீர்கள், இஸ்திரி போடாதீர்கள். சட்டமிடும்போது முழுப் பரப்பிலும் பசை தடவாமல், விளிம்பில் மட்டும் பிடிப்புக் கொடுங்கள். கண்ணாடி தாளைத் தொடக் கூடாது.