பொட்டாசியத்துக்கு ஏன் கே?

வணக்கம். கம்பத்து வீட்டில் வளர்ந்தவர்களுக்கு நினைவிருக்கும், பித்தளைச் செம்பைப் புளி போட்டு, அப்புறம் அடுப்புச் சாம்பல் போட்டுத் தேய்ப்பார்கள். அந்தச் சாம்பலைப் பற்றித்தான் பேசப்போகிறேன். உயர்நிலை மூன்றில் படிக்கும் என் பேத்தி போன மாதம் கேட்டாள்: "தாத்தா, பொட்டாசியத்துக்கு ஏன் கே-ன்னு குறியீடு போட்டிருக்கு?"

நல்ல கேள்வி. ஆனால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். ஒரு பொருளை வெட்டிக்கொண்டே போனால் இனி வெட்டவே முடியாத துணுக்கு ஒன்று வரும் என்று கிரேக்கத்தில் டெமாக்ரிட்டஸ் சொன்னார், அதற்கு அவர் சொன்ன பெயருக்கும் வெட்ட முடியாதது என்றுதான் பொருள். இந்தியாவில் கணாதர் வழிவந்த வைசேஷிகர்கள் அதை அணு என்றார்கள். இரண்டு பேரும் எடை போட்டுப் பார்க்கவில்லை. எடையைக் கொண்டுவந்தவர் மான்செஸ்டரில் இருந்த ஜான் டால்டன். 1803-இல் ஹைட்ரஜனை ஒன்று என்று வைத்து மற்ற அணுக்களுக்கு எடை கணக்கிட ஆரம்பித்தார். குறியீடுகளையும் வட்டமாகவே வரைந்தார்: ஆக்சிஜனுக்கு வெறும் வட்டம், கரிக்குக் கறுப்பு அடித்த வட்டம். வானொலியில் இதற்கு மேல் காட்ட முடியாது.

ஆனால் வட்டங்களை அச்சுக் கோப்பது பெரும்பாடு. அதனால்தான் சுவீடனின் பெர்சிலியஸ், 1813 வாக்கில், எழுத்தே போதும், லத்தீன் பெயரின் முதலெழுத்தை வையுங்கள் என்றார்.

சரி, சாம்பலுக்கு வருவோம். மரச்சாம்பலை நீரில் கரைத்து, வடிகட்டி, பானையில் காய்ச்சினால் வெள்ளை உப்பு கிடைக்கும். ஆங்கிலத்தில் அதன் பெயரே பானைச் சாம்பல்தான், பொட்டாஷ். 1807-இல் லண்டனில் ஹம்ஃப்ரி டேவி, அதிலிருந்து செய்த காரத்தை உருக்கி மின்சாரம் பாய்ச்சினார். பாதரசம் போல மின்னும் குட்டிக் குட்டி உருண்டைகள் வந்தன, சில உடனே தீப்பிடித்தன. நினைத்துப் பாருங்கள், செம்பு தேய்க்கிற சாம்பலுக்குள் ஒரு உலோகம்! டேவி அதைப் பொட்டாசியம் என்றார். அரபியில் செடிச் சாம்பலைக் குறிக்கும் சொல் அல்-கலி, அதிலிருந்து வந்தது காலியம் என்ற லத்தீன் பெயர், அந்தக் காலியத்தின் முதலெழுத்துதான் கே. ஆக, பொட்டாசியத்தின் பி-யும் சாம்பல், கே-யும் சாம்பல். பேத்திக்கு இதைச் சொன்னதும் சமையலறைக்குப் போய் அம்மாவிடம் சாம்பல் கேட்டாள். அடுக்குமாடி வீட்டில் எங்கே இருக்கும்?

தனிமங்களை அட்டவணையாக அடுக்கிய ரஷ்யர் மெண்டலீவைப் பற்றி நிறைய சொல்ல நினைத்தேன், நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். ஒன்று மட்டும்: 1869-இல் தன் அட்டவணையில், இன்னும் கண்டுபிடிக்காத தனிமங்களுக்காக அவர் விட்ட காலி இடங்களுக்குப் பின்னர் வைத்த தற்காலிகப் பெயர்களில் ஒன்று ஏக-அலுமினியம். ஏகாந்தம், ஏகோபித்த என்று நாம் சொல்கிறோமே, அதே ஏக. 1875-இல் அந்தத் தனிமம் பிரான்சில் கிடைத்தது, காலியம் என்று பெயரிட்டார்கள், இது வேறு காலியம், சாம்பல் இல்லை. நன்றி, வணக்கம்.