இன்டெக்ரேஷன் தெரிந்தும் டபுள் இன்டெக்ரலில் ஏன் மாட்டுகிறோம்?

சரி, அடுத்த கேள்வி கொஞ்சம் நீளம், சுருக்கிப் படிக்கிறேன். "ஒரு மாறி கால்குலஸில் நல்ல மார்க் வாங்கினேன். இப்போது மல்டிவேரியபிள் கால்குலஸ் எடுத்திருக்கிறேன். பார்ஷியல் டெரிவேட்டிவ் வரைக்கும் சுலபமாகப் போனது, டபுள் இன்டெக்ரல் வந்ததும் எதைத் தொட்டாலும் தப்பு. இன்டெக்ரேஷன் ஃபார்முலாக்களைத் திரும்ப உருப்போட்டுக்கொண்டிருக்கிறேன். லீனியர் அல்ஜீப்ராவை முடித்துவிட்டு வந்திருக்க வேண்டுமா, கோர்ஸை விட்டுவிடலாமா?"

கோர்ஸை விட வேண்டாம், உருப்போடுவதை விடுங்கள். ஃபார்முலா மறந்திருந்தாலும் உட்கார்ந்து பார்த்தால் சீக்கிரமே திரும்ப வந்துவிடும். நீங்கள் மாட்டுவது அதற்கு முந்தின இடத்தில். ஒரு மாறியில் இன்டெக்ரல் என்றால் 0 முதல் 1 வரை, 2 முதல் 5 வரை என்று பெரும்பாலும் எல்லையைக் கையில் கொடுத்துவிடுவார்கள், கோட்டில் ஒரு துண்டு, அவ்வளவுதான். இரண்டு மாறி வந்ததும் அது தளத்தில் கிடக்கும் ஒரு பரப்பாகிவிடுகிறது, முக்கோணமோ அரைவட்டமோ இரண்டு வளைவுகளுக்கு நடுவே அகப்பட்ட ஏதோ ஒரு வடிவமோ, அதன் எல்லைகளை நீங்கள்தான் படம் போட்டுப் பார்த்து எழுத வேண்டும். அதற்குப் பிறகு செய்வதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த பழைய கணக்குதான்.

ஒன்றைப் போட்டே பார்த்துவிடலாம். சார்பு, ஈ அடுக்கு ஒய் ஸ்கொயர். உள்ளே ஒய், அது எக்ஸிலிருந்து 1 வரை. வெளியே எக்ஸ், அது 0 முதல் 1 வரை. இதை இப்படியே செய்ய முடியாது, ஏனென்றால் ஈ அடுக்கு ஒய் ஸ்கொயருக்கு நமக்குப் பழக்கமான சார்புகளை வைத்து எழுதக்கூடிய ஆன்டிடெரிவேட்டிவே கிடையாது. லியூவில் என்ற பிரெஞ்சுக் கணிதவியலாளர் 1830களில் இந்த மாதிரிச் சார்புகளை ஆராய்ந்து நிறுவிய விஷயம் இது, அதனால் எந்த ஃபார்முலாவை உருப்போட்டும் பயனில்லை. வரிசையை மாற்றத்தான் வேண்டும். இங்கேதான் நிறையப் பேர் எழுதியிருக்கும் எல்லைகளை அப்படியே இடம் மாற்றி வைத்துவிடுகிறார்கள், கடைசியில் விடையில் எக்ஸ் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. வெளி இன்டெக்ரலின் எல்லை இரண்டும் வெறும் எண்ணாக இருக்க வேண்டும், விடையில் மாறி மிச்சம் இருந்தாலே கணக்கு தப்பு, திரும்பிப் பார்க்கவே வேண்டாம்.

இப்போது படம் போடுங்கள். ஒய் சமம் எக்ஸ் என்ற கோடு, அதற்கு மேலே ஒய் சமம் 1 என்ற கிடைக்கோடு, இடது பக்கம் ஒய் அச்சு. ஒரு முக்கோணம் வரும், முனைகள் (0,0), (0,1), (1,1). உள்ளே ஒய் என்று எழுதும்போது இதைச் செங்குத்தாகக் கீற்று போடுகிறோம். இப்போது கிடையாகக் கீற்று போடுங்கள். ஒவ்வொரு கீற்றும் ஒய் அச்சில் தொடங்கிச் சாய்ந்த கோட்டில் போய் முடிகிறது, அதாவது எக்ஸ் 0 முதல் ஒய் வரை. கீற்றுகள் கீழிருந்து மேலாக 0 முதல் 1 வரை அடுக்கப்பட்டிருக்கின்றன. உள் இன்டெக்ரலில் எக்ஸே இல்லை என்பதால் சும்மா ஒய்யால் பெருக்கல், கிடைப்பது ஒய் பெருக்கல் ஈ அடுக்கு ஒய் ஸ்கொயர். அந்த ஒய் வந்து சேர்ந்ததும் சப்ஸ்டிட்யூஷன் தானாக வேலை செய்துவிடுகிறது. விடை, ஈ கழித்தல் 1, அதில் பாதி, சுமார் 0.859. சரியா என்று பார்க்க, முக்கோணத்தின் பரப்பு அரை, சார்பின் மதிப்பு 1க்கும் ஈக்கும் நடுவில், ஆகவே விடை 0.5க்கும் 1.36க்கும் நடுவில்தான் இருக்க முடியும். பரீட்சையில் இந்தச் சோதனைக்கு அரை நிமிடம்கூட ஆகாது, ஆனால் யாரும் செய்வதில்லை.

அப்புறம், பார்ஷியல் டெரிவேட்டிவ் சுலபமாகப் போனது என்கிறீர்களே, எனக்கு அதிலும் கொஞ்சம் சந்தேகம் உண்டு. ஒய்யை மாறிலி என்று வைத்துக்கொண்டு எக்ஸை வைத்து டெரிவேட்டிவ் எடுப்பது யாருக்கும் சுலபம்தான், ஆனால் அது அச்சுகளின் திசையில் மட்டும்தான் பார்க்கிறது. எக்ஸ் ஒய், வகுத்தல் எக்ஸ் ஸ்கொயர் கூட்டல் ஒய் ஸ்கொயர் என்ற சார்பை எடுத்துக்கொள்ளுங்கள், ஆதிப்புள்ளியில் அதன் மதிப்பு 0 என்று வையுங்கள். ஆதிப்புள்ளியில் இரண்டு பார்ஷியல் டெரிவேட்டிவும் இருக்கின்றன, இரண்டுமே 0. ஆனால் ஒய் சமம் எக்ஸ் கோட்டின் வழியே வந்தால் சார்பு முழுக்க அரையிலேயே நிற்கிறது. அதாவது சார்புக்கு அங்கே தொடர்ச்சியே இல்லை, ஆனாலும் டெரிவேட்டிவ் 'இருக்கிறது'! ஒரு மாறியில் இப்படி நடக்கவே நடக்காது. சரி, எல்லா நேர்கோட்டையும் சோதித்தால் போதுமா என்றால் அதுவும் போதாது. எக்ஸ் ஸ்கொயர் ஒய், வகுத்தல் எக்ஸ் அடுக்கு 4 கூட்டல் ஒய் ஸ்கொயர், இதற்கு ஆதிப்புள்ளி வழியாகப் போகும் எந்த நேர்கோட்டில் வந்தாலும் லிமிட் 0, ஒய் சமம் எக்ஸ் ஸ்கொயர் என்ற பரவளையத்தில் வந்தால் அரை. கோட்டில் இருக்கும் ஒரு புள்ளிக்கு இடது, வலது என்று இரண்டே பக்கம், தளத்தில் வழிகளுக்குக் கணக்கே இல்லை. டபுள் இன்டெக்ரலில் உங்களைப் படுத்துவதும் இதே மாற்றம்தான், இங்கே கொஞ்சம் ஒளிந்திருந்தது.

லீனியர் அல்ஜீப்ரா பற்றிக் கேட்டீர்கள். டாட் பிராடக்ட், கிராஸ் பிராடக்ட், 2க்கு 2, 3க்கு 3 டிட்டர்மினன்ட், இவ்வளவு இருந்தால் கோர்ஸைத் தாண்டிவிடலாம். முழுதாகப் படித்தவருக்கு செயின் ரூல் என்பது மேட்ரிக்ஸ் பெருக்கல் என்று சட்டென்று புரியும், மாறிகளை மாற்றும்போது பெருக்க வேண்டிய ஜாக்கோபியன் என்ற டிட்டர்மினன்ட் எங்கிருந்து வந்தது என்று திகைக்க மாட்டார். அது இருந்தால் நல்லது, இல்லையென்று நிற்க வேண்டியதில்லை.

கடைசி வாரங்களில் வரும் கிரீன், ஸ்டோக்ஸ், டைவர்ஜன்ஸ் தியரம்களை அவசர அவசரமாக ஓட்டிவிடுவார்கள், அங்கேயும் பரப்பு எது, அதன் விளிம்பு எது, விளிம்பில் எந்தத் திசையில் சுற்றுகிறோம் என்பதுதான் கேள்வி. ஸ்டோக்ஸ் தியரம் வந்த கதை வேடிக்கையானது. வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு, 1850இல் ஸ்டோக்ஸுக்கு எழுதிய கடிதத்தில் அதைக் குறிப்பிட்டார். ஸ்டோக்ஸ் 1854இல் கேம்பிரிட்ஜில் ஸ்மித் பரிசுத் தேர்வில் அதையே நிரூபிக்கச் சொல்லிக் கேள்வியாகக் கேட்டுவிட்டார், அந்தத் தேர்வை எழுதியவர்களில், பின்னாளில் மின்காந்தச் சமன்பாடுகளுக்குப் பேர்போன மேக்ஸ்வெல்லும் ஒருவர். உங்கள் வினாத்தாள் எவ்வளவோ தேவலை.

பயிற்சிக்கு நான் சொல்வது இதுதான். புத்தகத்தில் இருக்கும் கணக்குகளை எடுத்து, படமும் எல்லையும் மட்டும் எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுங்கள், இன்டெக்ரேட் செய்யாதீர்கள். ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளில் முப்பரிமாணப் படம் இலவசமாகவே வரும், ஆனால் கையால் போட்ட பிறகு சரிபார்க்க மட்டும் அதைத் திறங்கள். டிரிபிள் இன்டெக்ரல் என்றால் முதலில் இசட்டுக்குத் தரை எது, கூரை எது என்று பாருங்கள், பிறகு அந்த உருவத்தின் நிழல் எக்ஸ் ஒய் தளத்தில் எப்படி விழும் என்று வரையுங்கள், மிச்சம் இருப்பது டபுள் இன்டெக்ரல்தான்.

இப்போதே ஒன்று செய்து பாருங்கள். இசட் சமம் எக்ஸ் ஸ்கொயர் கூட்டல் ஒய் ஸ்கொயர், இது கிண்ண வடிவப் பரப்பு, மேலே இசட் சமம் 4 என்ற தளம் மூடியிருக்கிறது, நடுவில் இருக்கும் கன அளவு எவ்வளவு? நிழல், ஆரம் 2 உள்ள வட்டம், ஆகவே போலார் ஆயத்தொலைவில் போடுங்கள். 8 பை வர வேண்டும். 32 பை, வகுத்தல் 3 என்று வந்தால் டிஆர் டிதீட்டாவுக்கு முன்னால் வர வேண்டிய 'ஆர்' என்பதை விட்டுவிட்டீர்கள். அந்தச் சின்னத் துண்டின் ஒரு பக்கம் டிஆர், இன்னொரு பக்கம் ஆர் டிதீட்டா, அதை ஒரு தடவை பெரிதாக வரைந்து பாருங்கள். விடையைக் கீழே எழுதுங்கள், பார்க்கிறேன். அடுத்த கேள்வி.