தாலி ஏறுவதற்கு முன்பே முடிந்துவிடும் கல்யாணம்

எல்லாருக்கும் வணக்கம். போன வாரம் எங்கள் சித்தி மகளுக்குக் கல்யாணம். கோயிலில் நான் மூன்றாவது பெஞ்சில் இருந்தேன். பாதர் மைக்கை அவள் வாயருகே பிடித்தார். அவள் சொன்னது முன்வரிசைக்கே கேட்கவில்லை. "சத்தமாகச் சொல்லும்மா" என்றார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஏற்றுக்கொள்கிறேன்" என்பதிலிருந்து "இன்பத்திலும் துன்பத்திலும்" வரை மறுபடி முழுக்கச் சொன்னாள். அந்த நேரம் பார்த்து வீடியோக்காரர் லைட்டை நகர்த்திக்கொண்டிருந்தார். எனக்குப் பின்னால் பந்தியைப் பற்றிப் பேச்சு. அப்புறம் தாலியை மந்திரித்து மாப்பிள்ளை கையில் கொடுத்ததும் மணி அடித்தது. எல்லாரும் எழுந்து எட்டிப் பார்த்தார்கள்.

ஆனால் கத்தோலிக்க நம்பிக்கைப்படி, அதற்கு முன்பே அவர்கள் கணவன் மனைவி ஆகிவிட்டார்கள். யாரும் சரியாகக் கவனிக்காத அந்த ஒரு நிமிடத்தில்! இருவரும் சுதந்திரமாகச் சொல்லும் சம்மதம்தான் திருமணத்தை உண்டாக்குகிறது. தாலியை நான் குறைத்துப் பேசவில்லை, என் அம்மா கழுத்தில் இருப்பதும் மந்திரித்த தாலிதான். ஆனால் அதன் வடிவம் மாறியிருக்கிறது. 1704இல் புதுச்சேரியில் இருந்த போப்பின் தூதர் தூர்னோன், பிள்ளையார் உருவம் உள்ள தாலியைக் கிறிஸ்தவப் பெண்கள் அணியக் கூடாது என்று ஆணையிட்டார். இன்று நம் தாலியில் சிலுவை இருக்கிறது, புறா இருக்கிறது. சம்மதத்தின் இடத்தில் மட்டும் வேறொன்றை வைக்க முடியாது.

பாதர்தான் கல்யாணம் செய்து வைக்கிறார் என்று சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் நம் ஊர்க் கத்தோலிக்கர் பெரும்பாலும் பின்பற்றும் லத்தீன் முறையில் இந்த அருட்சாதனத்தை, அதாவது இறையருளைத் தரும் புனிதச் சடங்கை, ஒருவருக்கொருவர் வழங்குவது மணமக்களே. பாதர் திருச்சபையின் பெயரால் அவர்கள் சம்மதத்தைக் கேட்டுப் பெறுகிறார். குரு ஒரு மாதத்துக்கு வரவே வழியில்லாத இடத்தில், இரண்டு சாட்சிகள் முன் சம்மதம் சொன்னாலே திருமணம் செல்லும் என்று திருச்சபைச் சட்டம் 1116 சொல்கிறது. கேரளத்து சீரோ மலபார் சபையும் கத்தோலிக்கச் சபைதான், ஆனால் அங்கே வழக்கமான திருமணத்துக்குச் சம்மதத்தோடு குருவின் ஆசியும் வேண்டும். புராட்டஸ்டன்ட் சபையான சி.எஸ்.ஐ.யில் (தென்னிந்தியத் திருச்சபை) திருமணத்தை அருட்சாதனமாக எண்ணுவதில்லை, உடன்படிக்கை என்பார்கள். ஆனால் எங்கே போனாலும் இருவரின் சம்மதம் இல்லாமல் கல்யாணம் இல்லை.

இந்தச் சாட்சி விஷயம் எப்படி வந்தது தெரியுமா? முன்பெல்லாம் ஐரோப்பாவில் ஆணும் பெண்ணும் ரகசியமாக வாக்குக் கொடுத்துக்கொண்டாலே அது திருமணம். பிறகு அவன் "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்றால் அவள் யாரிடம் போய் நிரூபிப்பாள்? அதனால்தான் 1563இல் திரிதெந்து பொதுச்சங்கம் என்ற கத்தோலிக்க ஆயர்களின் பேரவை, குருவும் குறைந்தது இரண்டு சாட்சிகளும் வேண்டும் என்று விதித்தது. பெற்றோர் சம்மதமும் கட்டாயம் என்று சேர்க்கச் சொல்லி பிரெஞ்சு மன்னரின் தூதர்கள் அங்கே அழுத்தம் கொடுத்தார்கள். சங்கம் இணங்கவில்லை. பெற்றோர் ஒப்பவில்லை என்பதால் ஒரு திருமணம் செல்லாமல் போகாது என்று தெளிவாகவே சொன்னது. நானூற்றைம்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. நம் வீடுகளில் இது எத்தனை பேருக்குத் தெரியும்?

இதற்கு மறுபக்கமும் உண்டு. மிரட்டலுக்கோ பெரும் பயத்துக்கோ பணிந்து சொன்ன "ஏற்றுக்கொள்கிறேன்" திருச்சபையின் பார்வையில் சம்மதமே இல்லை. சட்டம் 1103. ஆயிரம் பேருக்குச் சாப்பாடு போட்டிருந்தாலும், பிஷப்பே வந்து பூசை வைத்திருந்தாலும், அங்கே திருமணம் நடக்கவில்லை.

அதனால் கல்யாணம் நிச்சயமாகியிருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்கிறேன். ஓலை வாசிப்பதற்கு, அதாவது கல்யாண அறிவிப்பைக் கோயிலில் வாசிப்பதற்கு முன்னால் பங்குத்தந்தை உங்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டு விசாரிப்பார். "யாருடைய கட்டாயமும் இல்லையே?" என்று கேட்பார். அதைச் சம்பிரதாயக் கேள்வி என்று நினைத்துத் தலையாட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். அந்த அறையில் அப்பா இருக்க மாட்டார், அண்ணன் இருக்க மாட்டார். மனதில் இருப்பதை அங்கேயே சொல்லிவிடுங்கள்.