கடைசி சீட்டில் உட்கார்ந்து பாருங்கள்

நடுவர் அவர்களே, எதிரணியில் இருக்கும் அண்ணன்மார்களே, இந்தக் கடல்காற்றில் பாய் விரித்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும் தேவிபட்டினத்துத் தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

குடும்பத்தோடு போய்வர ஏற்ற வண்டி டொயோட்டா கம்பெனியின் பழைய இன்னோவா கிரிஸ்டாவா, அடியோடு மாற்றிக் கொண்டுவந்திருக்கும் இன்னோவா ஹைகிராஸா என்பது இன்றைய தலைப்பு. நான் ஹைகிராஸுக்காகப் பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய அண்ணன் ராமேஸ்வரத்தில் 25 வருடமாக வாடகை வண்டி ஓட்டுகிறவர். அவர் கேட்டதை முதலில் அப்படியே சொல்லிவிடுகிறேன். கிரிஸ்டாவுக்கு அடியில் தனி சேசிஸ், அதாவது வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டம், இருக்கிறது, ஹைகிராஸுக்கு அது இல்லை, அப்புறம் பலம் எங்கிருந்து வரும் என்றார். கிரிஸ்டாவைப் பின்சக்கரம் தள்ளுகிறது, அதனால் மணலில் மாட்டாது என்றார். டீசல் வண்டியை எந்த ஊர் மெக்கானிக்கும் பிரித்து மாட்டுவார் என்றார். நம் ஊர் உப்புக்காற்றில் ஹைகிராஸின் பேட்டரியும் மோட்டாரும் எத்தனை நாள் தாங்கும் என்றும் கேட்டார். நீங்கள் கைதட்டினீர்கள். அனுபவத்தில் வந்த பேச்சு அது, தட்ட வேண்டியதுதான்.

ஆனால் நடுவர் அவர்களே, அந்தப் பேச்சில் டிரைவர் வந்தார், ஓனர் வந்தார், மெக்கானிக் வந்தார். உள்ளே உட்கார்ந்து போகிற ஆள் ஒருவர்கூட வரவில்லை. தலைப்பில் இருப்பது குடும்பம். குடும்பத்தில் வண்டி ஓட்டுகிறவர் ஒருவர், மற்ற ஆறு ஏழு பேரும் உட்கார்ந்து வருகிறவர்கள். அந்த ஆறு ஏழு பேருக்காகத்தான் நான் எழுந்து நிற்கிறேன்.

எங்கள் அப்பத்தாவைச் சொல்கிறேன். மூன்று வருடத்துக்கு முன்பு குடும்பமாகக் கோயில் கோயிலாகப் போனோம். இங்கே நவபாஷாணம், அப்புறம் திருப்புல்லாணி, சேதுக்கரை, உத்தரகோசமங்கை, கடைசியில் ராமேஸ்வரம். வாடகைக்கு எடுத்தது உயரமான ஒரு வண்டி. எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம். ஒரு நாளில் எத்தனை முறை ஏறி இறங்கினோம் என்று எண்ணிப் பாருங்கள். ஐந்து கோயில், நடுவில் சாப்பாடு, டீ. பத்து முறைக்குக் குறையாது. அப்பத்தாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்மானம். ஒவ்வொரு முறையும் என் கணவர் பின்னால் தாங்க, நான் உள்ளிருந்து கையைப் பிடித்து இழுக்க, அவர் "முருகா" என்று ஏறினார். உத்தரகோசமங்கை வந்ததும், "நான் இறங்கல தாயி, நீங்க போய் கும்பிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டார். மரகத நடராசர் சன்னதி இருக்கும் கோயில் வாசல்வரை வந்துவிட்டு, ஒரு படி உயரத்துக்குப் பயந்து அவர் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார். அது எனக்கு இன்றும் ஆறவில்லை.

அந்தப் படி ஏன் அத்தனை உயரம்? இங்கேதான் அண்ணன் பெருமையாகச் சொன்ன சேசிஸ் வருகிறது. நீளமான இரண்டு இரும்புச் சட்டம், குறுக்கே கட்டைகள், ஏணி மாதிரி. அதன்மேல் தனியாகச் செய்த பாடியைத் தூக்கி உட்கார வைக்கிறார்கள். ஏணியின் உயரம் எவ்வளவோ, அவ்வளவும் நம் காலுக்கு வந்து சேர்கிறது. ஹைகிராஸில் அந்த ஏணி இல்லை. தரையும் பக்கமும் கூரையும் ஒரே கூடாக வெல்டிங் செய்து, மொத்தக் கூடும் பாரத்தைத் தாங்குகிறது. முன்சக்கரம் இழுக்கும் வண்டி என்பதால், எஞ்சினிலிருந்து பின்சக்கரம்வரை அடியில் ஓடும் நீளமான ஷாஃப்டும் இல்லை. அதனால் தரையைத் தாழ்த்த முடிந்திருக்கிறது. அப்பத்தா கணக்கில், தாங்கிப் பிடிக்க இரண்டு ஆள் வேண்டிய இடத்தில் ஒரு கை போதும்.

சரி, ஏறியாயிற்று. யார் எங்கே உட்காருகிறார்கள்? முன்னால் மாமா, நடுவில் பெரியவர்கள். கடைசி வரிசையில் மருமகள்களும் பிள்ளைகளும். எல்லா வீட்டிலும் இதுதான் வழக்கம். கல்யாணமாகி 14 வருடமாக என் இடம் கடைசி வரிசைதான். பின்சக்கரம் தள்ளும் வண்டியில் அந்த இருக்கைக்குக் கிட்டத்தட்ட நேர் கீழே கனமான ஹவுசிங், உள்ளே சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல், இரண்டு பக்கமும் ஆக்சில். ஒவ்வொரு பள்ளத்திலும் அந்த மொத்த இரும்பும் குதிக்கும். அது குதித்தால் மேலே இருக்கிறவளும் குதிப்பாள். மடியில் தூங்கும் பிள்ளையின் தலை கண்ணாடியில் இடிக்கும். சாயல்குடி தாண்டுவதற்குள் ஒரு பிள்ளை வாந்தி எடுத்துவிடும். ஸ்டியரிங் பிடித்திருக்கும் அண்ணனுக்கு இது தெரியாது, அவர் மேல் குற்றமில்லை. முன் சீட்டில் அது அவ்வளவாகத் தெரியாது. ஹைகிராஸின் பின்பக்கத்தில் அந்தக் கனம் இல்லை. சக்கரங்களை இணைக்க இலேசான ஒரு பீம் மட்டும் இருக்கிறது. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் உள்ள இடைவெளியையும் 2750 மில்லிமீட்டரிலிருந்து 2850 ஆக்கியிருக்கிறார்கள். 100 மில்லிமீட்டர் என்றால் நாலு அங்குலம். கேட்கச் சின்னதாக இருக்கும். முழங்காலை மடக்கி மார்போடு சேர்த்து வைத்துக்கொண்டு மதுரை ஏர்போர்ட்டுவரை போனவளுக்கு அந்த நாலு அங்குலத்தின் அருமை தெரியும்.

ஏர்போர்ட் என்றதும் கீழக்கரை ஞாபகம் வருகிறது. துபாயிலிருந்து மகன் வருகிறான் என்றால் வீடே வண்டியேறும். திரும்பும்போது பெட்டிகள் வேறு. கிரிஸ்டாவில் பெட்டிக்கு இடம் வேண்டுமென்றால் கடைசி சீட்டை இரண்டாகப் பிரித்துப் பக்கவாட்டில் தூக்கிக் கட்ட வேண்டும். அது இரண்டு பக்கமும் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். ஹைகிராஸில் சீட்டைக் கீழ்நோக்கி மடக்கி விடலாம். சின்ன மாற்றம்தான், ஆனால் பெட்டி தூக்கி வைக்கிறவர் கையில் தெரியும்.

இப்போது பலத்துக்கு வருகிறேன். ஏணி இல்லாவிட்டால் பலம் இல்லையா? பதில் பக்கத்திலேயே இருக்கிறது. பாம்பன் ரயில் பாலம் 1914-ல் திறந்தது. இரும்பு மேல் இரும்பு வைத்து ரிவெட் அடித்த பாலம். 1964 புயலையும் பார்த்துவிட்டு, பழுது பார்த்து மறுபடி நின்ற பாலம். அதை யாரும் குறைத்துப் பேச முடியாது, நானும் பேச மாட்டேன். ஆனாலும் உப்பு அதை விடவில்லை. 2022 டிசம்பரில் அந்தப் பாலத்தில் ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரல் 6 அன்று பக்கத்திலேயே புதிய பாலம் திறந்தது. அதில் துருப்பிடிக்காத கம்பி, முழுக்க வெல்டிங் இணைப்பு, உப்பைத் தடுக்கும் தனிப் பூச்சு. நடுவில் 72.5 மீட்டர் நீளப் பகுதி அப்படியே செங்குத்தாக மேலே எழுகிறது. இரும்பைக் கூட்டித்தான் பலம் சேர்க்க வேண்டும் என்று இன்று யாரும் பாலம் கட்டுவதில்லை. பாரத்தை எப்படிப் பகிர்ந்து கொடுப்பது, துருவை எங்கே தடுப்பது என்று பார்த்துக் கட்டுகிறார்கள். வண்டியிலும் அதே வேலைதான் நடந்திருக்கிறது. 2025-ல் நம் நாட்டின் பாரத் என்கேப் மோதல் சோதனையில் ஹைகிராஸ் 5 நட்சத்திரம் வாங்கியது. ஏணி இல்லாமல்தான் வாங்கியது.

உப்புக்காற்று சேசிஸையும் தின்னும், கூட்டையும் தின்னும். தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனை போய்வந்தால் எந்த வண்டியானாலும் அடியில் நல்ல தண்ணீர் அடித்துக் கழுவத்தான் வேண்டும். பேட்டரிக்குக் கம்பெனியே 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி தருகிறது.

மணல் விஷயத்தில் அண்ணன் சொன்னது சரி. ஆட்களை ஏற்றிக்கொண்டு தளர்மணலில் இறங்கினால் முன்சக்கரம் இழுக்கும் வண்டி திணறும், பாரம் முழுக்கப் பின்னால் போய்விடுமே. ஆனால் நாம் எந்தக் காலத்தில் இருக்கிறோம்? தனுஷ்கோடிக்கு மணலிலும் தண்ணீரிலும் வேன் உருட்டிப் போன காலம் ஒன்று இருந்தது. 2017-லிருந்து அரிச்சல்முனைவரை தார் ரோடு. குடும்பத்தை ஏற்றிக்கொண்டு யாரும் மணலில் வண்டியை இறக்க வேண்டிய தேவையில்லை.

மெக்கானிக் விஷயத்திலும் அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. பேட்டரியின் உயர் மின்சாரம் ஓடும் ஆரஞ்சு நிற ஒயரில் நம் ஊர்ப் பட்டறைக்காரர் கை வைக்கக் கூடாது, வைக்கவும் விடக் கூடாது. பழுது என்றால் கம்பெனி பட்டறைக்குத்தான் போக வேண்டும். விலையும் கூடுதல், அதை மறைக்க மாட்டேன். டீசல் எஞ்சினே இதில் கிடையாது, அது நிறைய ஓட்டுகிறவர்களுக்கு வருத்தம்தான். ஆனால் பெட்ரோல் எஞ்சினும் பேட்டரி மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட் ஹைகிராஸுக்குச் சோதனையில் லிட்டருக்கு 23.24 கிலோமீட்டர் என்று சான்று. சாலையில் அதைவிடக் குறையும் என்று வைத்துக்கொண்டாலும், ஏழு பேர் போகும் பெட்ரோல் வண்டிக்கு அது சின்ன விஷயமில்லை.

இந்த ஹைபிரிட் எங்கே உதவுகிறது தெரியுமா? ராமேஸ்வரத்துக்கு ஒரு தை அமாவாசை அன்று போய்ப் பாருங்கள். வண்டி நகராது. பெரியவர்கள் அக்னி தீர்த்தத்தில் முழுகி, கோயிலுக்குள் 22 தீர்த்தமும் ஆடிவிட்டு ஈரத்தோடு வர மூன்று மணி நேரம் ஆகும். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு ஒருத்தி வண்டியிலேயே இருப்பாள். டீசல் வண்டி என்றால் ஏசிக்காக எஞ்சின் உறுமிக்கொண்டே இருக்க வேண்டும். சீட்டு அதிரும், குழந்தை விழிக்கும், வெளியே நிற்கிறவர் முகத்தில் புகை அடிக்கும். ஹைபிரிட் ஹைகிராஸில் ஏசி பேட்டரியில் ஓடும். எஞ்சின் அணைந்து கிடக்கும். பேட்டரி குறைந்தால் தானாகக் கொஞ்ச நேரம் ஓடி நிரப்பிக்கொண்டு மறுபடி அணையும். நெரிசலில் ஊர்ந்து போகும்போதும் அப்படித்தான். பிரேக் பிடிக்கும் வேகத்திலிருந்தும் பேட்டரி நிரம்பும், வீட்டில் பிளக் போடும் வேலை இல்லை. குழந்தை தூங்கும் வண்டி எதுவோ அதுதான் குடும்ப வண்டி என்பேன்.

எதிரணி ஒன்றை மறந்துவிட்டது. 2000-ல் இதே கம்பெனியின் குவாலிஸ் வந்தது. நன்றாக விற்றுக்கொண்டிருந்த அந்த வண்டியை 2005-ல் நிறுத்திவிட்டு இன்னோவாவைக் கொண்டுவந்தபோது, ஓடுகிற வண்டியை ஏன் மாற்றினார்கள் என்று இதே கடற்கரையில் கேட்டார்கள். எங்கள் மாமாவே கேட்டார். 2016-ல் கிரிஸ்டா வந்தபோதும் கேட்டார். இன்று அண்ணன் தாங்கிப் பிடிக்கும் கிரிஸ்டாவும் ஒரு நாள் புது வண்டியாக வந்ததுதான்.

எனக்கு ஹைகிராஸில் பிடிக்காதது ஒன்று உண்டு. முன்பக்கத்தை உயர்த்தி, காட்டு வண்டி மாதிரி முரட்டு முகம் வைத்திருக்கிறார்கள். குடும்ப வண்டி என்று சொல்லிக்கொள்ள அவர்களுக்கே கூச்சம் போல. அந்தக் கூச்சம் வேண்டியதில்லை. கால் நீட்டும் பலகையையும் விலை கூடிய மாடலில், அதுவும் நடு வரிசைக்கு மட்டும் கொடுத்திருக்கிறார்கள். கடைசி வரிசைக்காரியை இதிலும் மறந்துவிட்டார்கள். அடுத்த முறை மாற்றும்போது இதைச் செய்ய வேண்டும்.

மணி அடித்துவிட்டார்கள், முடித்துவிடுகிறேன். நடுவர் அவர்களே, உங்களிடம் ஒரே ஒரு கோரிக்கை. தீர்ப்பு சொல்லும் முன் இரண்டு வண்டியையும் வரவழையுங்கள். ராமநாதபுரம் போய்த் திரும்பினால் சுமார் 30 கிலோமீட்டர்தான். போகும்போது கிரிஸ்டாவில், வரும்போது ஹைகிராஸில். இரண்டிலும் முன் சீட்டில் உட்காராமல் கடைசி வரிசையில், நடுவில் உட்காருங்கள். இரண்டு பக்கமும் எங்கள் பிள்ளைகள் உட்காருவார்கள். எங்கள் அப்பத்தாவும் வருகிறேன் என்றிருக்கிறார். நன்றி, வணக்கம்.