மங்காவின் பசி

நேயர்களுக்கு வணக்கம்.

இந்தப் பொங்கலுக்கு என் அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். முழங்காலில் அறுவை சிகிச்சை முடிந்து நாலு மாதம்தான் ஆகிறது, அதிகம் நடக்க முடியாது. மாட்டுப் பொங்கலன்று மதியச் சாப்பாடு முடிந்ததும், "முள்ளும் மலரும் போடு பாப்பா, பார்க்கலாம்" என்றார். எனக்கு ஐம்பத்தேழு வயதாகிறது. அவருக்கு நான் இன்னும் பாப்பாதான்.

அந்தப் படம் வந்தது 1978இல். எங்கள் ஊர் தேனிப் பக்கம் ஒரு சின்ன ஊர். அங்கே இருந்த டூரிங் டாக்கீஸுக்குப் படம் வந்து சேர இரண்டு வருடம் ஆகிவிட்டது. அண்ணன் என்னை சைக்கிளில் முன்னால் உட்காரவைத்துக் கூட்டிக்கொண்டு போனார். தரை டிக்கெட். மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் உட்கார்ந்தால் முன்னால் இருப்பவர் தலை மறைக்காது. சீர்காழியின் பிள்ளையார் பாட்டு ஒலித்தால் படம் போடப் போகிறார்கள் என்று அர்த்தம். ஒரே புரொஜெக்டர் என்பதால் ஒவ்வொரு முறை ரீல் மாற்றும்போதும் ஓர் இடைவேளை. ஊர் ஊராக ஓடித் தேய்ந்த பிரிண்ட், திரை முழுக்க மழைக்கோடு. மலையும் பனியும் வருகிற காட்சிகளில் பனி எது, கோடு எது என்றே தெரியவில்லை.

அன்றைக்குக் கொட்டகையே காளி பக்கம். மலையில் கம்பி இழுத்து ஏற்றி இறக்குகிற வண்டியான வின்ச்சை ஓட்டுகிற காளி, ரஜினிகாந்த். ஊர்க்காரர்களை வின்ச்சில் ஏற்றிப் போகிற காளி. தங்கச்சி வள்ளிதான் உலகம் என்று இருக்கிற காளி. புதிதாக வந்த இன்ஜினீயர், வின்ச்சில் ஆள் ஏற்றக் கூடாது என்று சொன்னபோது பின்னால் இருந்து ஒரே கூச்சல். நானும் சேர்ந்து கத்தினேன். சரத்பாபு எவ்வளவு சாந்தமாகப் பேசினாலும் எங்களுக்கு அவர் வில்லன்தான்.

அப்புறம் மங்கா. வீடு வாசல் இல்லாமல் அம்மாவோடு அந்த ஊருக்கு வந்து சேர்கிற பெண். படாபட் ஜெயலட்சுமி நடித்திருப்பார். எந்நேரமும் சோற்று நினைப்பாகவே இருக்கிற பெண். நெல்லுச்சோறும் மீன் குழம்பும் வேண்டும் என்று அவள் பாடுகிற பாட்டு வந்தபோது நானும் அண்ணனும் விழுந்து விழுந்து சிரித்தோம். அதற்குப் பிறகு வீட்டில் நான் இன்னொரு தோசை கேட்டால் போதும், அண்ணன் என்னை "மங்கா" என்று கூப்பிடுவார்.

இப்போது பொங்கலுக்குப் பார்த்தபோது, அந்தப் பாட்டு வந்ததும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு பெண் வரிசையாகச் சாப்பாட்டுப் பெயர்களைச் சொல்லிப் பாடுகிறாள். சொந்தமாக அடுப்புகூட இல்லாமல் வந்தவள். அவள் பெருந்தீனிக்காரி இல்லை, பசியில் வளர்ந்தவள். நித்தம் நித்தம் நெல்லுச்சோறு வேண்டும் என்று ஒருத்தி பாடினால், அவளுக்கு அது நித்தமும் கிடைத்ததில்லை என்றுதானே பொருள்? ஐம்பது வயது தாண்டிய பிறகுதான் இது எனக்கு உறைத்தது. நான் முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவள். மதிய உணவு மணி அடிக்கும் முன்பே தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொள்ளும் பிள்ளைகளை நன்றாக அறிவேன். தட்டில் விழுகிற சோற்றின் அளவை அந்தப் பிள்ளைகள் எப்படிப் பார்க்கும் என்பதும் தெரியும். வாணி ஜெயராம் அந்தப் பாட்டில் ஒவ்வொரு பண்டத்தின் பெயரையும் அப்படித்தான், தட்டையே பார்த்துக்கொண்டு பாடுவதுபோலப் பாடியிருக்கிறார். பாட்டு துள்ளலான பாட்டுதான், அதில் சந்தேகமில்லை. துள்ளலுக்கு உள்ளே அந்தப் பசியும் இருக்கிறது. இசையமைத்த இளையராஜாவும் படத்தை இயக்கிய மகேந்திரனும் அன்றே அதை அங்கே வைத்திருக்கிறார்கள். எனக்குத்தான் இத்தனை காலம் பிடித்தது.

இன்ஜினீயர் விஷயமும் அப்படியே. பத்து வருடம் தலைமையாசிரியையாக இருந்துவிட்டு அந்தக் காட்சியைப் பார்த்தால், மனசு அவர் பக்கம்தான் போகிறது. வேலைக்கு என்று வைத்த வின்ச். அதில் பொதுஜனம் ஏறி, கம்பி அறுந்தால் யார் பதில் சொல்வது? அவர் சொல்வது முழுக்கச் சரி. அதே நேரம், மலை ஏறி இறங்குகிற ஜனங்களுக்கு அந்த வின்ச் எவ்வளவு பெரிய உதவி என்று பார்க்கிற காளியும் சரி. இரண்டு சரிகளை எதிரெதிராக நிறுத்தி, யார் மேலும் வில்லன் என்று முத்திரை குத்தாமல் ஒரு முதல் படத்தை எடுத்திருக்கிறார் மகேந்திரன். அதற்கு முன்னால் 'தங்கப்பதக்கம்' போன்ற படத்துக்கு இடி இடிப்பது போல வசனம் எழுதியவர் அவர். அப்படிப்பட்டவர் தானே இயக்க வந்தபோது பேச்சைக் குறைத்துவிட்டார். சின்ன வயதில் அந்த மௌனமான இடங்களில் நான் முறுக்கு தின்றுகொண்டிருந்திருப்பேன். இப்போது அந்த இடங்களுக்காகவே படத்தைப் பார்க்கிறேன்.

வள்ளியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வள்ளியாக நடித்தவர் ஷோபா. கொட்டகையில் பார்த்தபோது எனக்கு வயது பன்னிரண்டு. திரையில் இருந்தவரைப் பெரிய அக்கா என்று நினைத்தேன். சேலை கட்டி, சமைத்து, அண்ணனைத் தாய்போலப் பார்த்துக்கொள்கிற அக்கா. அந்தப் படம் வெளிவந்தபோது ஷோபாவுக்குப் பதினாறு வயது முடியவில்லை. பதினேழு வயதில், 1980இல், இறந்தும்போனார். இப்போது பார்க்கும்போது என் கண்ணுக்குத் தெரிவது பத்தாம் வகுப்பு படிக்க வேண்டிய ஒரு பிள்ளை. முகத்தில் அந்தப் பிள்ளைத்தனம் அப்படியே இருக்கிறது. கேமரா நெருங்கி வருகிற ஒவ்வொரு முறையும் எனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது. அவருக்கு வயது ஏறவே இல்லை. எனக்கு மட்டும் ஏறிக்கொண்டே போகிறது.

அந்தக் கேமராவைப் பிடித்தவர் பாலு மகேந்திரா. பத்து வருடம் கழித்து, 1988இல், அவரே இயக்கிய 'வீடு' வந்தது. அதை நான் முதலில் பார்த்தது தூர்தர்ஷனில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். மாநில மொழிகளில் விருது வாங்கிய படங்களை அப்போது அந்த நேரத்தில் போடுவார்கள். எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. பாட்டு இல்லை, சண்டை இல்லை. சுதா என்று ஒரு பெண், வீடு கட்ட மனைக்கும் கடனுக்கும் சிமென்டுக்கும் அலைந்துகொண்டே இருக்கிறாள். நான் பாதியில் எழுந்து துணி மடிக்கப் போய்விட்டேன்.

2003இல் நாங்கள் ஒரு வீடு கட்டினோம். கட்டியவர்களுக்குத் தெரியும், அதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு காண்ட்ராக்டர் பாதி வேலையில் பணத்தை வாங்கிக்கொண்டு இரண்டு மாதம் தலைகாட்டவில்லை. சென்ட்ரிங் அடித்த பலகை மழையில் நனைந்துகொண்டே கிடந்தது. என் அப்பாவுக்கு அப்போது எழுபத்தாறு வயது. ஒருநாள் யாரிடமும் சொல்லாமல், உச்சி வெயிலில் டவுன் பஸ் பிடித்துப் போய், கட்டி நின்ற சுவருக்கெல்லாம் ஒரு வாளியில் மொண்டு தண்ணீர் அடித்துவிட்டு வந்திருக்கிறார். "இந்த வெயில்ல எதுக்குப்பா தனியாப் போனீங்க? விழுந்து கிழுந்து வச்சா?" என்று சத்தம் போட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். கிரகப்பிரவேசத்துக்கு இருந்தார். அதன் பிறகு அந்த வீட்டில் பதினோரு மாதம் இருந்தார்.

அப்பா போன பிறகு ஒருநாள் 'வீடு' படத்தை மறுபடி பார்த்தேன். அதில் சுதாவின் தாத்தா ஒரு குடையை எடுத்துக்கொண்டு, பாதி கட்டிய வீட்டைப் பார்க்கத் தனியாகக் கிளம்பிப் போகிறார். சொக்கலிங்க பாகவதர், பழைய நாடகக் கலைஞர். அறை அறையாகப் போய்ப் பார்க்கிறார், சுவரைத் தொட்டுப் பார்க்கிறார். முகத்தில் அப்படி ஒரு நிறைவு. பின்னணியில் இளையராஜாவின் வயலின்கள்; இந்தப் படத்துக்கென்று போட்ட இசை அல்ல, அவருடைய 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பில் இருந்து எடுத்து வைத்தது. அந்த முதியவர் உயிரோடு வீடு திரும்புவதில்லை. நான் சோபாவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். தண்ணீர் அடிப்பது ஒரு சாக்கு, அப்பா போனது சுவரைத் தொட்டுப் பார்க்கத்தான் என்று அப்போது புரிந்தது. பத்து நிமிடம்கூட இல்லாத காட்சி. துணி மடிக்கப் போனபோது நான் விட்டது அதைத்தான்.

அதே படத்தில் கட்டட வேலை செய்கிற மங்கம்மா என்ற பெண் வருவார். பசி சத்யா. சிமென்ட் மூட்டை திருட்டுப் போவதை வெளியே சொல்கிற தைரியம் அந்தச் சித்தாளுக்குத்தான் வரும். எங்கள் மனையிலும் அப்படி ஒரு அம்மா இருந்தார். அவர் சொன்னதை நாங்கள் உடனே கேட்டிருந்தால் இருபது மூட்டை மிஞ்சியிருக்கும்.

எல்லாப் பழைய படமும் இப்படிக் கூடுதலாக எதையாவது கொடுக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். கதாநாயகன் பொண்டாட்டியை ஓங்கி ஓர் அறை அறைந்ததும் அவள் அன்றிலிருந்து குனிந்து காப்பி கொடுக்கிற படங்களுக்கு நானும் ஒரு காலத்தில் கை தட்டியிருக்கிறேன். இன்று என்னால் பார்க்க முடியவில்லை, பாதியில் நிறுத்திவிட்டேன். அவற்றின் பாட்டுகளை மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

'தில்லானா மோகனாம்பாள்' நேர்மாறு. சின்ன வயதில் சிவாஜியின் கன்னம் உப்புவதையும் விரல் ஓடுவதையும் பார்த்து வாய் பிளந்தேன். இப்போது கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறேன். அந்த நாதஸ்வரம் மதுரை சகோதரர்கள் சேதுராமன், பொன்னுசாமி வாசித்தது. பிறகு கண்ணைத் திறந்து, சிவாஜியின் விரல் அந்த வாசிப்போடு எப்படி ஒட்டிப் போகிறது என்று பார்க்கிறேன். இரண்டு உழைப்பையும் தனித்தனியாகப் பார்த்த பிறகு அந்தப் படத்தின் மேல் மரியாதை இன்னும் கூடிவிட்டது.

மறுபடி பார்ப்பதற்குப் படம் என்று ஒன்று மிஞ்ச வேண்டும், அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். 'வீடு' படத்தின் நெகட்டிவ் அழிந்துபோய்விட்டது என்று பாலு மகேந்திராவே தன் கடைசி ஆண்டுகளில் வருந்திப் பேசினார். தேசிய விருது வாங்கிய படத்துக்கே இந்தக் கதி. நான் பார்த்தது எங்கிருந்தோ பதிவு செய்த மங்கலான ஒரு பிரதிதான். சொக்கலிங்க பாகவதர் தொட்ட சுவரின் செங்கலும் சாந்தும் அதில் சரியாகத் தெரியாது. என் பேத்தி வளர்ந்து பார்க்கும்போது அதுவாவது இருக்குமா என்று கவலையாக இருக்கிறது. பழைய படச்சுருள்களை யார் வீட்டிலாவது, எந்தக் கொட்டகை அறையிலாவது வைத்திருந்தால், தயவுசெய்து தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

சரி, பொங்கல் மதியத்துக்கு வருகிறேன். அண்ணனும் நானும் படத்தின் கடைசிக் காட்சிக்கு வந்துவிட்டோம். உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். வள்ளி இன்ஜினீயரைக் கட்டிக்கொள்ள ஊர்க்காரர்களோடு போகிறாள். ஒரு கையை இழந்த காளி தனியாக நிற்கிறான். வள்ளி பாதியில் திரும்பி ஓடி வந்து அண்ணனைக் கட்டிக்கொள்கிறாள். அது போதும் அவனுக்கு. ஊர் முன்னால் தலை நிமிர்ந்து நின்று, தானே தங்கையை அனுப்பி வைக்கிறான். இன்ஜினீயரிடம், இப்போதும் உங்களை எனக்குப் பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லியே அனுப்புகிறான்.

கொட்டகையில் அந்த இடத்தில் நாங்கள் இருவரும் அழுதோம். திரும்பி வரும்போது அண்ணன் சைக்கிளை உருட்டிக்கொண்டே வந்தார், மிதிக்கவில்லை.

பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து, நான் ஒருவரை விரும்பிக் கல்யாணம் செய்துகொள்கிறேன் என்று சொன்னபோது, அண்ணனுக்குப் பிடிக்கவில்லை. கல்யாணத்துக்கு வரவில்லை. இரண்டு வருடம் பேச்சுவார்த்தை இல்லை. என் மகள் பிறந்ததைக் கேள்விப்பட்டு ஒருநாள் கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வாசலில் வந்து நின்றார். பழையதைப் பற்றி அவரும் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை. முப்பது வருடம் அப்படியே ஓடிவிட்டது.

படம் முடிந்து திரை இருண்ட பிறகும் அண்ணன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ரிமோட்டைத் தேடினேன்.

"காளி சொல்றான் பாரு பாப்பா, பிடிக்கலைன்னு" என்றார். "மண்டபத்து வாசல் வரைக்கும் வந்து, நானும் அதையாவது சொல்லிட்டுப் போயிருக்கலாம்."

என் கணவர் அடுத்த நாற்காலியில்தான் இருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து உள்ளே போனார். கொஞ்ச நேரம் கழித்து மூன்று பேருக்கும் காப்பி கலந்து எடுத்து வந்து, முதல் டம்ளரை அண்ணன் கையில் கொடுத்தார்.

வணக்கம்.